நீரிஸ் ஸ்லைடு செட்: பாராபோடியத்துக்காகவே வாங்கலாம்

இளங்கலை விலங்கியல் செய்முறை வகுப்புக்காக இந்த நீரிஸ் கடற்புழு ஸ்லைடு செட்டை வாங்கினேன். பாராபோடியம், அதாவது புழுவின் உடல் பக்கவாட்டில் இருக்கும் கால் போன்ற உறுப்பு, அதன் ஸ்லைடு அருமை. மேல்மடலும் கீழ்மடலும் தனித்தனியாகத் தெரிகின்றன. இரண்டின் நடுவிலும் தாங்கு ஊசியான அசிகுலம் கறுப்பாக, தடிமனாக நிற்கிறது. முட்கற்றையைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஊரவும் நீந்தவும் மட்டுமல்ல, புழு மூச்சுவிடுவதும் பாராபோடியத்தின் வழியாகத்தான். அதனால் உள்ளே இரத்தக்குழாய்கள் தெளிவாக இருப்பது எனக்கு முக்கியம், இருக்கின்றன.

தலை ஸ்லைடுதான் ஏமாற்றம். நான்கு கண்களும் சரி, ஆனால் தொண்டை உள்ளிழுத்த நிலையிலேயே பதப்படுத்தியிருக்கிறார்கள். வெளியே தள்ளி இரையைக் கவ்வும் அந்த இரண்டு தாடைகளைக் காட்டாமல் நீரிஸை எப்படி நடத்துவது? அப்புறம், இனப்பெருக்கக் காலத்தில் நீரிஸ் எடுக்கும் மாறிய உருவமான ஹெட்டிரோநீரிஸ் ஸ்லைடையும் சேர்த்தால் இன்னொரு செட் வாங்குவேன்.