என் லேசர் படகு: ஆளைப் பிழியும், ஆனால் அலுக்காது

படகு வைத்திருப்பவர்களுக்கு அவரவர் படகுதான் உசத்தி, நான் மட்டும் என்ன விதிவிலக்கா! என்னுடையது லேசர் என்ற சின்னப் பாய்மரப் படகு, இப்போது ஐஎல்சிஏ 7 என்கிறார்கள். நீளம் சுமார் 4.2 மீட்டர், ஒரே பாய், ஒரே ஆள், 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிற ரகம். பாயை உறை மாதிரி பாய்மரத்தில் மாட்டிவிட்டுச் சட்டென்று கிளம்பிவிடலாம். காற்று ஏறினால் கதையே வேறு: கால்களைப் படகுக்குள் இருக்கும் பட்டைக்குள் செருகி, உடம்பை வெளியே சாய்த்தால்தான் படகு நிமிரும், தொடை கெஞ்சும். பூம், அதாவது பாயின் அடியில் கிடையாக இருக்கும் கம்பு, ரொம்பத் தாழ்வு, திரும்பும்போது குனியாவிட்டால் மண்டை வீங்கும். குடும்பத்தோடு உலா போகவெல்லாம் சரிப்படாது. அப்புறம், பழையது வாங்குகிறவர்கள் பாய்மரம் நிற்கும் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மட்டம் இறங்கினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.