இரவுப் போர் விமானத்தின் கறுப்பு: டாமியா மஸ்கிட்டோவுடன் சில ஆண்டுகள்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி வண்ணம் தீட்டிக் கட்டும் மாடல் கிட்டுகளைப் பற்றிய விமர்சனங்களில் பெரும்பாலானவை பெட்டியைத் திறந்த அன்றோ, கடைசிப் பூச்சு காய்ந்த அன்றோ எழுதப்படுபவை. அலமாரியில் சில ஆண்டுகள் நின்ற பிறகு அதன் வண்ணம் என்ன ஆனது, ஒட்டு தாங்கியதா, எந்தப் பாகம் முதலில் உடைந்தது என்பதை அரிதாகவே படிக்க முடிகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் இரவுப் போர் விமானமான டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ என்.எஃப். 2 என்னிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. டாமியா நிறுவனம் 1998இல் வெளியிட்ட 1/48 அளவு கிட் அது. எஃப்.பி. 6 என்ற, போரிடவும் குண்டுவீசவும் செய்த வகையையும் அதே பெட்டியிலிருந்து கட்டலாம். இரவுப் போர் விமானம் ஒன்றைக் கட்ட விரும்புகிறவர்கள் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் கறுப்பு வண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசியாக வேண்டும்.

முதலில் கட்டுமானம். உண்மையான மஸ்கிட்டோவே ஒரு மாடல் கிட்டின் முறையில்தான் கட்டப்பட்டது. பால்சா மரத்தை நடுவில் வைத்து, இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகையைப் பசையிட்டு, அச்சின் மேல் அழுத்தி வளைத்து, உடற்பகுதியை இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியே செய்தார்கள். பாதிகள் திறந்திருக்கும்போதே உள்ளே கம்பிகளையும் குழாய்களையும் பொருத்திவிட்டு, பிறகு இரண்டையும் நடுக்கோட்டில் ஒட்டினார்கள். இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே துண்டு. போர்க்காலத்தில் அலுமினியம் அரிதாகிவிட, மேசை நாற்காலி செய்துகொண்டிருந்த பட்டறைகள் இந்த விமானத்தின் பாகங்களைச் செய்தன. நாமும் அதே வரிசையில்தான் போகிறோம்: உட்பகுதிக்கு வண்ணம் தீட்டி, இருக்கைகளை வைத்து, பாதிகளை மூடி, நடுக்கோட்டை உப்புத்தாளால் தேய்த்து மறைக்கிறோம். இந்தத் தேய்ப்பில் அவசரம் கூடாது. உடலின் முதுகில் ஓடும் அந்தக் கோடு கறுப்புப் பூச்சின் கீழ் இரக்கமின்றித் தெரியும். 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 1000 எண் வரை போய், ப்ரைமர் எனும் அடிப்பூச்சை அடித்துப் பார்த்து, மீண்டும் தேய்ப்பதே வழி. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளியை நிரப்பும் பசைக்கலவையே எனக்குத் தேவைப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்தும் அங்கே ஒரு விரிசல்கூட விழவில்லை.

மரத்தின் மேல் மடப்பாலம் என்ற மெல்லிய பருத்தித் துணியை ஒட்டி, துணியை இறுக்கி விறைப்பாக்கும் டோப் என்ற திரவத்தைப் பூசி, அதன் மேல் வண்ணம் அடித்தார்கள். பழைய சென்னை மாகாணத்தில், கோதாவரிக் கரையின் நரசாபுரத்துக்கு அருகே நெசவுக்குப் பேர்போன ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய துணி அது. மாடல் கட்டுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. உடலிலும் இறக்கையிலும் ஆணி வரிசைகள் கிடையாது. தகட்டு இணைப்புக் கோடுகளும் மிகக் குறைவு. இருக்கும் கோடுகளைக் கறுப்பு மையால் நிரப்பி எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. வண்ணம் உதிர்ந்து வெள்ளி தெரிவதாக இறக்கையில் தீட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. மரத்திலிருந்து வெள்ளி எப்படி வரும்? எஞ்சின் மூடிகள் உலோகம். அங்கே மட்டும், அதுவும் திருகாணிகளைச் சுற்றி, சற்றுத் தேய்மானம் காட்டலாம்.

விமானி அறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விமானி இடப்புறம், ரேடார் இயக்குபவர் வலப்புறம் சற்றுப் பின்தள்ளி. அடர் பச்சை உட்பகுதி, இருக்கைப் பட்டைகள், ரேடார் திரையின் மூடி. எல்லாம் தெளிவாக வார்க்கப்பட்டிருக்கின்றன. கண்ணாடிக் கூரையின் சட்டங்களுக்கு மாஸ்கிங் டேப்பைப் பொறுமையாக வெட்டி ஒட்டினால் போதும். கூரையை ஒட்ட வெள்ளைப் பசையைப் பயன்படுத்துங்கள். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை உள்ளிருந்து மங்கச் செய்துவிடும், பிறகு துடைக்க வழியில்லை. வெள்ளைப் பசை இத்தனை ஆண்டுகளிலும் மஞ்சளாகவில்லை, பிடியும் விடவில்லை.

மூக்கில் அம்பு முனை போல நீட்டிக்கொண்டிருக்கும் ஏ.ஐ. (வானில் எதிரியை இடைமறிப்பது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) மார்க் 4 ரேடாரின் ஆன்டெனாதான் இந்த விமானத்தின் முகம். இறக்கை முனைகளிலும் சிறு கம்பிகள் உண்டு. ஒன்றரை மீட்டர் அலைநீளத்தில் இயங்கிய அந்த ரேடாருக்குத் தரையிலிருந்து திரும்பும் எதிரொலி பெரும் தொல்லை. அதனால் விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு தொலைவுவரைதான் எதிரியைக் காட்டும். இந்தக் கருவியை மறைக்கத்தான், கேரட் சாப்பிட்டதால் தங்கள் விமானிகளுக்கு இருட்டில் கண் தெரிகிறது என்று பிரிட்டிஷார் செய்தி பரப்பினார்கள். மாடலில் இந்தக் கம்பிகள் மிக மெல்லியவை. கை பட்டால் போய்விடும். நான் பித்தளைக் கம்பியில் செய்து, சிறு துளையிட்டுச் செருகினேன். வீடு மாறியபோது பெட்டியில் குலுங்கியும் வளைந்ததே தவிர உடையவில்லை, குறட்டால் நிமிர்த்திவிட்டேன். இறக்கை முனையில் விட்டுவைத்திருந்த பிளாஸ்டிக் கம்பி ஒன்று மட்டும் அந்தப் பயணத்தில் முறிந்தது. பித்தளைக்காகச் செலவிடும் ஒரு மாலைப் பொழுது வீணாகாது.

எஞ்சினின் புகைப்போக்கிகளுக்கு மேல் மூடிகள் இருப்பதைக் கவனியுங்கள். இருட்டில் நெருப்புச் சுடர் எதிரிக்குத் தெரியாமலிருக்கவும், சொந்த விமானியின் கண் கூசாமலிருக்கவும் அவை. அவற்றுக்குக் கரும்பழுப்போடு சிறிது துருச் சிவப்பைக் கலந்து தீட்டினால், முழுக் கறுப்பு விமானத்தில் கண் இளைப்பாற ஓர் இடம் கிடைக்கும்.

இனி வண்ணம். ‘இரவு விமானம்தானே, கறுப்பு அடித்தால் முடிந்தது’ என்று நினைப்பது இயல்பு. போரிட்டவர்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். தொடக்ககால மஸ்கிட்டோ இரவு விமானங்களுக்கு ‘ஸ்பெஷல் நைட்’ என்ற மேட் கறுப்பை, அதாவது பளபளப்பில்லாத கறுப்பை அடித்தார்கள். சட்டியின் அடிக்கரியைப் போன்ற சொரசொரப்பான பூச்சு அது. தொட்டால் கையில் ஒட்டும். தேடுவிளக்கின் ஒளியை அது விழுங்கிவிடும் என்று நம்பினார்கள். ஆனால் அந்தச் சொரசொரப்பு காற்றைப் பிடித்து இழுத்ததில் வேகம் குறைந்தது. வேகத்துக்காகவே பிறந்த விமானத்துக்கு இது பெரிய இழப்பு. அதோடு இரவு வானம் முழுக் கறுப்பு அல்ல. நிலவொளியிலும் மேகத்தின் பின்னணியிலும் கறுப்பு விமானம் தெளிவான நிழலாகத் தெரிந்தது. 1942இன் பிற்பகுதியில் கறுப்பைக் கைவிட்டு, மேல்பக்கம் சாம்பலும் அடர் பச்சையும், கீழ்ப்பக்கம் முழுக்கச் சாம்பலும் என்று மாற்றினார்கள்.

ஜெர்மானியர்களும் இதே பாதையில்தான் நடந்தார்கள். முதலில் கறுப்பு மெஸ்ஸர்ஷ்மிட் 110கள். பிறகு வெளிர் நீலச் சாம்பலின் மேல் அடர் சாம்பல் புள்ளிகள். அமெரிக்கர்கள் கண்ட விடை வேறு. நார்த்ராப் பி-61 பிளாக் விடோவை வைத்து அவர்கள் செய்த சோதனைகளில், தேடுவிளக்கில் சிக்காமல் தப்பியது பளபளக்கும் கறுப்புதான். மேட் பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிட்டு ஒரு பங்கைக் கீழே இருப்பவரின் கண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது. பளபளப்பான பரப்பு கண்ணாடியாக நின்று ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடுகிறது. ஒரே சிக்கலுக்கு மூன்று நாடுகளின் விடைகள். எந்த விமானம், எந்த ஆண்டு என்பதை முடிவு செய்யாமல் வண்ணப் புட்டியைத் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நான் தேர்ந்தெடுத்தது 1942இன் மேட் கறுப்பு. இந்த அளவில் சுத்தக் கறுப்பை அடித்தால் மாடல் ஓர் ஓட்டையாகத் தெரியும். வளைவும் விளிம்பும் கண்ணில் படாது. அதனால் கறுப்பு ப்ரைமருக்கு மேல், ரப்பர் கறுப்பு என்று விற்கப்படும் கருஞ்சாம்பலைத் தின்னரில் நன்றாக நீர்க்கவைத்து, வண்ணத்தைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் ஒழுங்கில்லாத சிறு திட்டுகளாக அடித்தேன். மேலே வெயில் படும் இடங்களில் துளி பழுப்பு கலந்த சாம்பல். வயிற்றுப் பகுதியில் துளி நீலம் கலந்த கறுப்பு. கடைசியாக எல்லாவற்றையும் இணைக்க மிக மெல்லிய ஒரு கறுப்புப் பூச்சு. அருகில் வைத்துப் பார்த்தால் நான்கைந்து சாயல்கள் தெரியும். இரண்டடி தள்ளி நின்றால் ஒரே கறுப்பு, ஆனால் உருண்டு திரண்ட கறுப்பு. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மழை நாளில் லாக்கர் என்ற விரைவில் காயும் பூச்சை அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் பூச்சில் வெண்படலமாகப் படியும், கறுப்பில் அது மற்ற எந்த நிறத்தையும்விட அதிகமாகத் தெரியும். முகமூடியும் திறந்த ஜன்னலும் கட்டாயம்.

மேட் பரப்பில் டெக்கால், அதாவது குறிகள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம், ஒட்டக் கூடாது. சொரசொரப்பின் இடுக்குகளில் காற்று தங்கி, ஒளி படும்போது வெள்ளியாக மின்னும். பளபளப்பான வார்னிஷ் அடித்து, நன்றாகக் காயவிட்டு, டெக்காலை மென்மையாக்கும் திரவத்தால் படியவைத்து, பிறகுதான் மேட் பூச்சு. மஞ்சள் வளையம் சூழ்ந்த வட்டக் குறி கறுப்பின் மேல் பளிச்சென்று நிற்கும். அதன் மேல் கருஞ்சாம்பலை ஒரு மூச்சுக் காற்றளவு அடித்தால் அடங்கிவிடும்.

ஆண்டுகள் கடந்த பின் இந்தக் கறுப்பின் நிலை என்ன? நிறம் மங்கவில்லை. தூசிதான் தீராத தொல்லை. மேட் கறுப்பில் ஒவ்வொரு துகளும் தெரிகிறது. கண்ணாடிக் கதவுள்ள அலமாரி இல்லாதவர்கள் இதைக் கட்டுவதற்கு முன் யோசிக்கவும். துணியால் துடைக்கவே கூடாது. துடைத்த இடம் மெருகேறிப் பளபளக்கத் தொடங்கும். கன்னத்துக்குப் பவுடர் பூசும் அகலமான மெல்லிய தூரிகை, அதற்குப் பிறகு கேமரா லென்ஸுக்குக் காற்றடிக்கும் ரப்பர் பந்து, இவை போதும். விரல் எண்ணெயும் இதே கேட்டைச் செய்கிறது. எஞ்சின் கூட்டின் அடியில் நான் வழக்கமாகப் பிடித்துத் தூக்கும் இடங்கள் இன்று மற்ற பகுதிகளைவிடச் சற்று மினுங்குகின்றன. பருத்திக் கையுறை போட்டுக்கொண்ட பிறகு அது பரவவில்லை.

இதே கிட்டைப் பிறகு சாம்பல் பச்சையிலும் கட்டினேன். பராமரிக்க அது எளிது, தூசியை மன்னிக்கும். ஆனால் அதற்கு அடித்த மேட் வார்னிஷ், பெயர் வேண்டாம், வெளிர் சாம்பலின் மேல் மெல்ல மஞ்சளேறிவிட்டது. கறுப்பில் அடித்த அதே வார்னிஷ் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. வெளிர் நிறங்களுக்கு, காய்ந்த பின் மஞ்சளாகாத அக்ரிலிக் பூச்சைத் தேடி வாங்குங்கள். வாங்கியதை ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டில் அடித்து ஜன்னலோரம் சில மாதங்கள் வைத்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவதாக வந்த பிளாக் விடோ இறக்கை விரிப்பில் 42 சென்டிமீட்டர். மஸ்கிட்டோ 34தான். பிளாக் விடோ மூக்கடியில் சக்கரம் உள்ள விமானம் என்பதால் முன்பகுதியில் எடை வைக்காவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். பளபளக்கும் கறுப்பை அடிப்பது மேட் கறுப்பைவிடக் கடினம், ப்ரைமரில் இருக்கும் ஒரு மயிரிழைக் கீறல்கூட மறையாது. ஆனால் முடிந்த பிறகு, மூன்றிலும் அதிகம் தாக்குப்பிடிப்பது அதுதான். ஈரத் துணியால் துடைக்கலாம், கைரேகையும் போய்விடுகிறது.

முதன்முறை கட்டுபவர்களுக்கு என் சிபாரிசு சாம்பல் பச்சை மஸ்கிட்டோ. ஏர்பிரஷ் இல்லாவிட்டாலும் தூரிகையால் ஓரளவு சமாளிக்கலாம். கறுப்பு மஸ்கிட்டோவுக்கு ஏர்பிரஷ் வேண்டும். பிளாக் விடோவை, நடுக்கோட்டைத் தேய்ப்பதில் கை பழகிய பிறகு எடுக்கலாம்.

இப்போது மேசையில் இருப்பது பியூஃபைட்டர் என்ற இன்னொரு பிரிட்டிஷ் இரவுப் போர் விமானம். 1943 ஜனவரி 15 இரவு, கல்கத்தாவைத் தாக்க வந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களில் மூன்றை, டம்டம்மிலிருந்து கிளம்பிய 176ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிட்டிஷ் விமானப் படைப்பிரிவின் பியூஃபைட்டர் ஒன்று நான்கு நிமிடங்களுக்குள் வீழ்த்தியது. அந்த ஸ்குவாட்ரனின் விமானத்தைத்தான் கட்டப் போகிறேன். உட்பகுதி முடிந்துவிட்டது. வண்ணத்தை, கிடைக்கிற புகைப்படங்களை எல்லாம் பார்த்த பிறகே முடிவு செய்வேன்.