டிரைவிங் ஸ்கூலில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்

என் கணக்கிலிருந்து 18,600 ரூபாய் போய்விட்டது. டூவீலர் லைசென்ஸுக்கு விண்ணப்பித்ததிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் ஸ்கூலின் பெயரைப் போடவில்லை. எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரியான இடம்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு கடை, வாசலில் எல் போர்டு மாட்டிய கார், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின்.

சேரும்போது வாங்கிக்கொண்டவை இவை: ஆதார் ஜெராக்ஸ், போட்டோ, கையெழுத்து, ரத்த வகை, அப்பா பெயர், போன் நம்பர். ஆதார் வழியாக விண்ணப்பித்தால் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், ஆபீஸுக்குப் போக வேண்டியதில்லை. அதற்கு வரும் ஓடிபியையும் ஸ்கூலில் வேலை பார்த்த பெண்தான் கேட்டு வாங்கினாள். "எல்லாம் நாங்களே போட்டுடுவோங்க அக்கா, நீங்க ஓட்டப் பழகுனா போதும்" என்றாள். ஆதாரை ஸ்கூல் வாட்ஸ்அப் நம்பருக்கும் அனுப்பச் சொன்னாள். எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து லைசென்ஸ் எடுத்த எல்லோரும் இப்படித்தான் எடுத்திருக்கிறார்கள்.

எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் ஆன பிறகுதான் டிரைவிங் டெஸ்டுக்குப் போக முடியும். எனக்கு அந்த 30 நாள் முடிந்த கையோடு ஒரு போன் வந்தது. "மேடம், உங்க டெஸ்ட் ஸ்லாட் ரத்தாகியிருக்கு, புதுத் தேதி எடுக்கணும்" என்றான். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே என் முழுப் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், எல்.எல்.ஆர். வாங்கிய தேதி எல்லாவற்றையும் வரிசையாக வாசித்தான். ரத்த வகைகூடச் சொன்னான். என் ரத்த வகை என் தங்கைக்கே தெரியாது.

நான் நம்பிய இடம் இதுதான். "ஏன் நம்பினாய்" என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். விண்ணப்ப எண்ணும் எல்.எல்.ஆர். தேதியும் ரத்த வகையும் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவனை ஆபீஸ் ஆள் என்று நினைக்காமல் வேறு யார் என்று நினைப்பது? வாட்ஸ்அப்பில் ஒரு ஆப் அனுப்பினான். அரசு முத்திரை, பரிவாகன் என்ற அரசு போக்குவரத்துத் தளத்தின் பெயர் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. திறந்ததும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது. அதன் பிறகு வங்கியிலிருந்து வந்த ஓடிபி எல்லாம் என் கண்ணில் படுவதற்கு முன்பே அவனுக்குப் போயிருக்கிறது. இரண்டு தடவையாக மொத்தம் 18,600 ரூபாய் எடுத்துவிட்டான். பையனின் ஸ்கூல் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம் அது.

மறுநாள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். முதலாளி உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அதெல்லாம் எங்ககிட்ட இருந்து போகாதுங்க மேடம், கவர்மென்ட் சைட்ல இருந்து போயிருக்கும்." சரி, என் ஆதாரை வாட்ஸ்அப்பில் வாங்கினீர்களே, அது இப்போது யார் போனில் எல்லாம் இருக்கிறது அண்ணா என்று கேட்டேன். அந்த வாட்ஸ்அப் போனை வைத்திருந்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டாளாம், போனையும் கொண்டு போய்விட்டாளாம். இதை ஒரு சாதாரண விஷயம் போலச் சொன்னார். எனக்குப் பகீரென்றது. அப்புறம் வீட்டுக்கு வந்து, ஸ்கூலில் பணம் கட்டியதற்குக் கொடுத்த துண்டுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வேறு யாரோ ஒரு பெண்ணின் ஆதார் ஜெராக்ஸில் பாதி. முகவரியும் கடைசி எட்டு எண்களும் தெளிவாகத் தெரிகின்றன. அப்படியென்றால் என்னுடைய ஜெராக்ஸின் பின்பக்கம் யார் வீட்டில் கிடக்கிறது?

ஆர்.டி.ஓ. ஆபீஸில் "நீங்க ஏம்மா ஸ்கூல் வழியா போட்டீங்க" என்றார்கள். வங்கியில் "ஓடிபி போட்டுத்தான் பணம் போயிருக்கு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். ஸ்கூலுக்குத் திரும்பவும் போன் பண்ணினால் எடுப்பதே இல்லை. 18,600 ரூபாய் போனதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. என் விவரம் எப்படி வெளியே போனது என்பதற்கு மட்டும் ஒருவரிடமும் பதில் இல்லை.

நம் விவரங்களை மதிக்காதது ஸ்கூல்கள் மட்டுமல்ல. வாகன் (வண்டிப் பதிவு), சாரதி (லைசென்ஸ்) என்ற அரசுத் தரவுகளை மொத்தமாக நிறுவனங்களுக்கு வருடத்துக்கு 3 கோடி ரூபாய்க்குக் கொடுக்க 2019ல் மத்திய போக்குவரத்து அமைச்சகமே ஒரு கொள்கை கொண்டுவந்தது. தவறாகப் பயன்படலாம், தனியுரிமை போய்விடும் என்று எதிர்ப்பு வந்து 2020 ஜூனில் அதைக் கைவிட்டார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, அதிலும் முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி வரை அபராதம் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஜெராக்ஸின் பின்பக்கத்தில் ரசீது எழுதுகிற ஆளுக்கு இது தெரியுமா, தெரிந்தால்தான் பயப்படுவாரா? லைசென்ஸ் கேட்டு வருகிறவர் வேறு வழியில்லாமல்தான் எல்லாவற்றையும் கொடுக்கிறார். வாங்கி வைப்பவருக்கு அதைப் பூட்டி வைக்கும் பொறுப்பு வேண்டாமா?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது:

முடிந்தால் பரிவாகன் தளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். தளத்தின் முகவரி gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள். ஸ்கூல் வழியாகத்தான் என்றால் முழு ஆதாரைக் கொடுக்காதீர்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்தில் எடுக்கலாம். ஜெராக்ஸின் குறுக்கே "டிரைவிங் லைசென்ஸுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் போன் நம்பர்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் அவர்கள் நம்பரைப் போட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் எந்த ஆப்பையும் போடாதீர்கள், அனுப்புகிறவன் உங்கள் ரத்த வகையைச் சொன்னாலும் சரி. ஏற்கெனவே போட்டிருந்தால் உடனே நெட்டை அணைத்துவிட்டு வேறு போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள். வங்கிக்கு மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.