4,000 மீட்டருக்கு மேல் எந்த அடுப்பு? நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

மலையேற்ற அடுப்பை எடை பார்த்து மட்டும் வாங்கக்கூடாது. 25 கிராம் டைட்டானியம் பர்னருக்கும் 80 கிராம் பர்னருக்கும் வித்தியாசம் 55 கிராம்தான். காற்றடிக்கிற முகாமில் அந்தக் குட்டி பர்னர் வீணடிக்கும் எரிவாயு சில நாளிலேயே அதை விழுங்கிவிடும். போதாக்குறைக்கு, அதன் மெல்லிய கால்கள் சூடேறிப் பழுத்தால் பாரம் தாங்காமல் வளையும். ஒரு லிட்டருக்கு மேற்பட்ட பாத்திரத்தை அதில் ஏற்றாதீர்கள்.

அடுப்பைவிட முக்கியம், கேனிஸ்டருக்குள் (எரிவாயு அடைத்த சிறு உருளை) இருக்கும் கலவை. கடல்மட்டத்தில் பியூட்டேன் −0.5 டிகிரியிலும், ஐசோபியூட்டேன் ஏறக்குறைய −12 டிகிரியிலும், புரோப்பேன் −42 டிகிரியிலும் ஆவியாகும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் இந்த எண்கள் இன்னும் இறங்கும். எனவே உயரம் கேஸுக்குச் சாதகமே, குளிர்தான் எதிரி. பழியை மட்டும் எல்லோரும் உயரத்தின் மேல் போடுகிறார்கள்! எரிய எரிய கேனிஸ்டர் தானே குளிரும், புரோப்பேன் முந்திக்கொண்டு தீரும். முதல் நாள் சீறிய அடுப்பு, கேஸ் கால்வாசி மிஞ்சியிருக்கும்போது முனகுவது இதனால்தான். ஐசோபியூட்டேன்–புரோப்பேன் கலவையை வாங்கி, இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் உள்ள பர்னர் அழுத்தம் குறையும்போதும் தீயை ஓரளவு சீராக வைக்கும். ஆனால் குளிரில் ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும் கேஸை அது ஆவியாக்காது.

−10 டிகிரிக்குக் கீழே என்றால், கேனிஸ்டரைத் தள்ளி வைத்து நீளக் குழாயால் பர்னரோடு இணைக்கும் அடுப்புதான் சரி. கவிழ்த்த கேனிஸ்டரிலிருந்து திரவமாக வரும் கேஸை ஆவியாக்க, பர்னரைச் சுற்றும் சூடேற்றும் குழாய் அதில் இருக்க வேண்டும். கேனிஸ்டரை நிமிர்த்தி வைத்துப் பற்றவைத்து, அரை நிமிடம் விட்டு, தீயைக் குறைத்து மெதுவாகக் கவிழ்க்கவும். சூடேற்றும் குழாய் சூடாகுமுன் கவிழ்த்தால் மஞ்சள் தீ குப்பென்று எழும்பும். காற்றுமறைப்பை முழுக்கச் சுற்றிக் கட்டுவதும் இந்த வகையில்தான் பாதுகாப்பு. பர்னர் நேரே கேனிஸ்டர் மேல் உட்காரும் வகையில் அப்படிச் செய்தால் கேனிஸ்டர் சூடேறி வெடிக்கலாம்.

விமானத்தில் கேனிஸ்டர் ஏற்ற முடியாது. போகிற இடத்தில் கிடைக்காதென்றால் மண்ணெண்ணெய் எரிக்கும் பம்ப் அடுப்புதான் வழி. எரிபொருளுக்கேற்ற ஜெட்டை (எரிபொருள் பீறிடும் நுண்துளை முனை) மாட்டுங்கள். பற்றவைக்குமுன் பர்னரைச் சூடாக்கும் முன்சூடு போதாவிட்டால் புகைக்கரி அப்பும், ஜெட் அடைக்கும். பம்ப் ஏறாவிட்டால் பெரும்பாலும் தோல் வாஷர் காய்ந்திருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் போதும். ஸ்டவ் பின்னும் மாற்று ஓ-ரிங்கும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பையில் இருக்கட்டும்.

எரிபொருள் கணக்கு: காற்றில்லா இடத்தில் ஒரு லிட்டர் நீர் கொதிக்க 8 முதல் 12 கிராம் கேஸ். பனியை உருக்கிக் கொதிக்கவைக்க இதைப்போல் இரு மடங்கு. வெறும் பனியை அள்ளிப் போட்டால் பாத்திரம் கருகும். அடியில் கொஞ்சம் நீர் விட்டுத் தொடங்குங்கள். 4,500 மீட்டரில் நீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் நெடுநேரம் வேகவேண்டிய எதையும் சுமந்து போகாதீர்கள். அடுப்பில் உள்ள பொத்தான் பற்றவைப்பான் அந்த உயரத்தில் அடிக்கடி ஏமாற்றும்; தீக்கல்லும் தீப்பெட்டியும் தனித்தனிப் பைகளில் இருக்கட்டும். கூடாரத்துக்குள் மட்டும் பற்றவைக்க வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.