டிஷ்ஷுக்கு நாலு நட்சத்திரம், முதலாளிக்கு நான் போடவில்லை

எலான் மஸ்க் கம்பனியின் செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் எப்படி என்று நிலாவெளிப் பக்கம் விடுதி வைத்திருக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுவது மேல். திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஒழுங்கையில் எங்களுக்கு ஒரு சின்ன விருந்தினர் விடுதி. மேலே மூன்று அறை, கீழே இரண்டு, முற்றத்தில் ஒரு வேம்பு, மதிலோரம் தென்னைகள். நானும் தங்கையும் நடத்துகிறோம்.

முதலில் காசு. இந்தச் சேவை இலங்கையில் தொடங்கியது 2025 யூலை 2ஆம் திகதி. அப்போது போட்ட விலை பெட்டிக்கு 118,000 ரூபாய். மாதக் கட்டணம் வீட்டுப் பாவனைக்கு 15,000. கொஞ்சம் குறைந்த ‘லைட்’ திட்டத்துக்கு 12,200. விலையைக் கேட்டதும் தங்கை, "அக்கா, இந்தக் காசுக்கு இன்னொரு அறைக்கு ஏசி பூட்டலாமே" என்றாள். நியாயம்தான். ஆனால் ஏசி இல்லையென்று அறையை வேண்டாம் என்றவர்களைவிட, வைபை சரியில்லை என்று வேறு இடம் பார்த்துப் போனவர்கள்தான் அதிகம். இப்போது வருகிறவர்கள் காலையில் படகேறிப் புறாத்தீவுக்குப் போய் மீன் பார்த்துவிட்டு, மத்தியானம் ஒன்றரைக்கு லண்டனில் ஒபிஸ் திறக்கும் நேரம் மடிக்கணினியோடு குந்துகிறவர்கள். எங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் கம்பி வரவில்லை. கைப்பேசிக் கோபுரத்தை நம்பியிருந்த பழைய இணைப்பு, கம்பனிப் பெயர் எதற்கு, இரவு எட்டு மணியானால் இழுக்காது. அதனால் வாங்கினோம்.

பெட்டிக்குள் நீள்சதுரமான டிஷ், அதை நிறுத்திவைக்க ஒரு கால், றூட்டர், மின்சாரப் பெட்டி, 15 மீற்றர் கம்பி, அவ்வளவுதான். ஆள் வந்து பூட்டித் தருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம், நாமேதான் பூட்ட வேண்டும். மருமகன் ஓட்டுக்கூரையில் ஏறி, கைப்பேசிச் செயலியை வானத்துக்குக் காட்டிச் சுற்றினான். எந்தப் பக்கம் மறைப்பு என்று அது சிவப்பில் காட்டும். எங்களுக்குக் கிழக்குப் பக்கம் முழுக்கச் சிவப்பு: தென்னோலை. டிஷ்ஷை எடுத்துத் தண்ணீர்த் தாங்கி மேடையில் வைத்தபிறகுதான் சரி வந்தது. கச்சான் காற்றில் ஓலை அசையும் இடத்தில் வைத்தால் நிமிடத்துக்கொரு தடவை ஒரு வெட்டு விழும், வீடியோ அழைப்பில் ஆளின் வாய் திறந்தபடி நிற்கும். மரம் வெட்டவேண்டாம், உயரம் தேடுங்கள்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறைகள் நிறைந்திருக்கும் நாளிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்க்கிறார்கள். பழைய வகைச் செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பவை. நாம் பேசி மறுமொழி வருவதற்குள் ஒரு இடைவெளி விழும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் சில நூறு கிலோமீற்றரில்தான் ஓடுகின்றன, அந்த இடைவெளி இல்லை. கனமழை இந்த வகை அலைகளுக்கு ஆகாது. மார்கழியில் வானம் இருண்டு கொட்டும் நேரத்தில் எந்த டிஷ்ஷும் கொஞ்சம் திக்கும், அது எந்தக் கம்பனியாலும் மாற்ற முடியாத விஷயம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது அதன் பயன் தெரிந்தது. மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் வெள்ளத்தில் கிடந்தது, கரன்ட் போனது, கோபுரங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. எங்கள் டிஷ் இன்வேர்ட்டர் பற்றரியில் ஓடியது. டிஷ் இழுப்பது 75 முதல் 100 வாற்ஸ், நல்ல பற்றரி இருந்தால் தாங்கும். அயலவர்கள் வந்து வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் "உயிரோடு இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டிசம்பர் முடியும்வரை இலங்கையில் கட்டணம் வேண்டாம் என்று ஸ்டார்லிங்க் அறிவித்ததையும் சொல்ல வேண்டும். நல்ல காரியம் செய்தால் செய்தது என்று எழுதுவதுதானே மரியாதை.

இனி, ஒரு வைபை மதிப்பீட்டில் வரக்கூடாத, ஆனால் இந்தப் பெட்டியை வாங்கினால் வராமல் இராத விஷயம். மேடையில் டிஷ்ஷைக் கண்டதும் விருந்தாளிகள் கேட்பது வேகத்தை அல்ல, எலான் மஸ்க்கைப் பற்றி. ஜேர்மன்காரப் பெண்ணொருத்தி "இது அவருடையதா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இன்னொருவர் டிஷ்ஷோடு செல்ஃபி எடுத்தார்.

அமெரிக்காவின் விஸ்கொன்சினிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கணவன் மனைவிதான் எனக்கு நல்ல பாடம் எடுத்தவர்கள். காலையில் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தால், அவர் கைப்பேசியில் ட்ரம்ப் பக்கத்து ஃபொக்ஸ் நியூஸ், அவ கைப்பேசியில் எதிர்ப்பக்கத்து எம்எஸ்என்பிசி. இரண்டும் என் டிஷ்ஷில் இறங்கும். ஒரே மனிதன், ஒரே நாள், ஒரே சம்பவம். ஒரு பக்கத்தில் மஸ்க் நாட்டைக் காக்க வந்த மேதை, மறுபக்கத்தில் யாரும் தெரிவு செய்யாத குட்டி ராசா. இருவரும் சண்டை பிடிக்கவில்லை, சத்தத்தைத்தான் மாறி மாறிக் கூட்டினார்கள். தங்கை நடுவில் போய்ச் சம்பலை வைத்துவிட்டு வந்தாள்.

அவர்கள் ஊரில் நடந்த கதை இது. 2024 தேர்தலில் ட்ரம்ப் பக்கத்துக்கு 25 கோடி டொலருக்கு மேல் இறக்கிய மஸ்க், 2025 சனவரியில் ஆலோசகராக உள்ளே போய், ‘டோஜ்’ என்ற பெயரில் அரச செலவை வெட்டத் தொடங்கினார். இரண்டு ட்ரில்லியன் டொலர் மிச்சம் பிடிக்கலாம் என்று மேடையில் சொன்னவர், ஏப்ரலில் 150 பில்லியன் என்று இறங்கி வந்தார். பெப்ரவரியில் ஒரு மாநாட்டு மேடையில் சங்கிலி வாளைத் தூக்கிக் காட்டினார். அதே வேகத்தில் விஸ்கொன்சின் உச்ச நீதிமன்ற நீதிபதித் தேர்தலுக்குள்ளும் புகுந்தார். அவரும் அவர் சார்ந்த அமைப்புகளும் இறக்கியது 2 கோடி டொலருக்கு மேல். பாற்கட்டி வடிவத் தொப்பி போட்டுக்கொண்டு மேடையில் இரண்டு வாக்காளர்களுக்குத் தலா பத்து இலட்சம் டொலர் காசோலை கொடுத்தார். ஏப்ரல் 1இல் அவர் ஆதரித்தவர் ஏறக்குறைய பத்துப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். "காசு தோற்கவில்லை, அந்த ஆளின் முகம்தான் தோற்றது" என்றா அந்த அம்மா. கணவர் மறுக்கவில்லை. பிட்டை இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அந்த மாதங்களின் தொலைக்காட்சித் துண்டுகளைப் பிறகு நானே தேடிப் பார்த்தேன். இணைப்பு இருக்கிறது, பருவம் முடிந்த நேரம், வேறென்ன வேலை. பெப்ரவரியில் ஃபொக்ஸின் ஷோன் ஹனிட்டி முன்னால் ட்ரம்பும் மஸ்க்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒருவரையொருவர் புகழ்கிறார்கள். மார்ச்சில் வெள்ளை மாளிகை வாசலில் மஸ்க்கின் டெஸ்லா கார்களை நிறுத்தி சனாதிபதியே ஒன்றை வாங்குவதாகச் சொல்கிறார். சில நாளில் வர்த்தக அமைச்சர் ஹவார்ட் லட்னிக் அதே ஃபொக்ஸில் வந்து டெஸ்லா பங்கு வாங்குங்கள் என்கிறார். ஒரு அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி நண்பரின் கம்பனிப் பங்கை வாங்கச் சொல்வது எங்கள் ஊரில் நடந்திருந்தால் தேநீர்க் கடையில் ஒரு வாரம் ஓடும். அந்த ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் டெஸ்லாவின் கார் விநியோகம், முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட 13 வீதம் குறைந்தது.

மறுபக்கத்தாரும் சும்மா இல்லை. யூன் தொடக்கத்தில் ட்ரம்பின் பெரிய வரவுசெலவு மசோதாவை மஸ்க் அருவருப்பானது என்று திட்டினார். மார்ச்சில் அவரைப் பிசாசாகக் காட்டியவர்களுக்குத் திடீரென்று அவர் வாக்கு வேதவாக்கானது. செனட்டில் சனநாயகக் கட்சித் தலைவர் சக் ஷூமர், மஸ்க்கோடு தான் உடன்படுவதாகவே சொன்னார். ஃபொக்ஸ் ஆட்களுக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியாத சில நாட்கள் அவை, பார்க்க நல்ல பொழுதுபோக்கு. என்ன, இரண்டு தரப்பிலும் ஒருவர்கூட டிஷ்ஷை எங்கே வைத்தால் தென்னோலை மறைக்காது என்று சொல்லவில்லை.

தமிழ் யூரியூப் விமர்சகர்கள் இவர்களுக்கும் மேலே. ரொரன்ரோவிலும் லண்டனிலும் இருந்து பேசுகிறவர்கள் படத்தில் தீ எரியவிட்டு "மஸ்க்கின் ஆட்டம் முடிந்தது" என்பார்கள், அடுத்த கிழமை "ட்ரம்ப் காலில் விழுந்தார்" என்பார்கள். எங்கள் நாட்டுக் கட்சிக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். அப்போது சனாதிபதியாக இருந்த ரணில் 2024 மே மாதம் பாலியில் மஸ்க்கைச் சந்தித்தார், அந்த ஆண்டு ஓகஸ்டில் உரிமம் கிடைத்தது, அனுர ஆட்சியில் சேவை தொடங்கியது. ஆகவே இது யார் கொண்டுவந்த இணையம் என்று ஒரு வழக்கு. மாதம் 15,000 கட்டுகிறவள் நான், என்னை ஒருவரும் கேட்கவில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் வாங்குகிறவருக்கு இதில் உண்மையான சங்கதி ஒன்று இருக்கிறது. மற்றக் கம்பனிகளில் முதலாளி யார் என்று நமக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. இங்கே முதலாளியின் வாய்க்கும் உங்கள் இணைப்புக்கும் நடுவில் நிற்பவர் யாருமில்லை. ஒன்ராரியோ மாகாணம் 10 கோடி கனேடிய டொலர் பெறுமதியான ஸ்டார்லிங்க் ஒப்பந்தத்தை 2025 மார்ச்சில் கிழித்தது. டிஷ்ஷில் பழுதில்லை, ட்ரம்பின் வரி மேல் கோபம், மஸ்க் அவருடைய ஆள். யூன் 5இல் இருவரும் பகிரங்கமாகச் சண்டை பிடித்தபோது மஸ்க்கின் அரச ஒப்பந்தங்களை வெட்டுவேன் என்று ட்ரம்ப் மிரட்டினார். பதிலுக்கு மஸ்க், தன் ஸ்பேஸ்எக்ஸ் கம்பனியின், விண்வெளி வீரர்களை ஏற்றிச் செல்லும் ட்ராகன் கலத்தையே நிறுத்துவேன் என்றார், சில மணி நேரத்தில் வாபஸ் வாங்கினார். அதே கம்பனிதான் என் டிஷ்ஷுக்கு மேலே செய்மதி விடுவது. பிறகு யூலையில் புதுக் கட்சி தொடங்குவதாக அறிவித்தார், நவம்பரில் மறுபடி வெள்ளை மாளிகை விருந்தில் இருந்தார்.

இன்னொரு சங்கதி. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட்டை மரம் அரைக்கும் இயந்திரத்துக்குள் தள்ளியதாக மஸ்க் பெப்ரவரியில் எழுதினார். சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் கிழக்கில் அந்தப் பெயர்ப்பலகை நிற்காத இடம் குறைவு. இலங்கைப் பத்திரிகையாளருக்கு ஆண்-பெண் பேதமில்லாத மொழி பழக்க 79 இலட்சம் டொலர் என்று குடியரசுக் கட்சிக்காரர் ஒரு பட்டியலை நீட்ட, அது எங்கள் நாட்டு மேடைகளுக்கும் வந்து சேர்ந்தது. யுஎஸ்எய்ட் தன் உதவித் திட்டங்களை முடித்துக்கொண்டது 2025 யூலை 1. ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது அடுத்த நாள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த இரண்டு திகதியும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது கண்ணில் படாமல் இல்லை.

அப்புறம் ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். மத்தியானம் ஒன்றரைக்கு அறை எண் மூன்றில் அழைப்பு வெட்டக்கூடாது, அதனால்தான். அரசியலுக்காகக் கழற்றினால் பருவத்தில் நட்டம் எனக்கு, மஸ்க்குக்கு அது தெரியக்கூட வராது.

ஆனால் ஒரு காரியம் செய்திருக்கிறோம். பழைய கைப்பேசி இணைப்பை நிறுத்தவில்லை, சின்ன பொதி ஒன்றாகக் குறைத்து வைத்திருக்கிறோம். 2025 யூலை 24இல் ஸ்டார்லிங்கின் உள் மென்பொருள் கோளாறால் உலகம் முழுக்கச் சேவை இரண்டரை மணி நேரம் நின்றது. நம் நேரத்துக்கு அது நள்ளிரவு தாண்டியதால் இங்கே பலருக்குத் தெரியவில்லை. பகலில் நடந்திருந்தால் கதை வேறு. முழுத் தொழிலையும் ஒரு கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, அந்தக் கம்பியின் மறுமுனை யாரோடு கோபித்துக்கொள்கிறது என்று செய்தி பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சரிவராது.

நகருக்குள், என்.சி. வீதி, பிரதான வீதிப் பக்கம் ஃபைபர் இருக்கிறவர்களுக்கு இது தேவையே இல்லை, காசு வீண். வீட்டில் பிள்ளைகள் பாடம் படிக்கவும் நாடகம் பார்க்கவும் மட்டும் என்றாலும் வேண்டாம். நிலாவெளி, குச்சவெளி, வெருகல் பக்கம் விடுதியோ இறால் பண்ணையோ வைத்து, சிக்னலுக்காக மதிலில் ஏறுகிறவர்கள் வாங்கலாம். லைட் திட்டம் நாலு அறைக்குள் போதும் என்பது என் கணக்கு.

வாங்கமுன் கூரையிலிருந்து றூட்டர் வைக்கிற இடத்துக்கு நாடா பிடித்து அளந்து பாருங்கள், பெட்டியோடு வருவது 15 மீற்றர்தான். கம்பியை வெறுமனே ஓட்டில் கிடக்கவிடாமல் பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். குரங்குகள் எங்கள் ஒழுங்கைக்கும் வருகின்றன, அணில் அதைவிட மோசம்.