லாட்ஜ் ரிசப்ஷனுக்கு உபுண்டுவா, ஃபெடோராவா?

வேலூர் காந்தி ரோட்டில் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ்களில், ரிசப்ஷன் கம்ப்யூட்டரைக் குறைத்து எடைபோடக் கூடாது. கொல்கத்தாக்காரரின் ஆதார், டாக்காவிலிருந்து வந்தவரின் பாஸ்போர்ட் எல்லாம் ஸ்கேன் ஆகி அதில்தான் கிடக்கின்றன. வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தையும் அரசுக்கு ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். திருட்டு விண்டோஸைத் தூக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாம் என்று முடிவெடுத்தால், அதன் வகைகளான உபுண்டு, ஃபெடோரா இரண்டில் எதைப் போடுவது?

ஃபெடோரா ஆட்கள் முதலில் எடுத்துப் போடுவது எஸ்ஈலினக்ஸ், அதாவது எந்த புரோகிராம் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் காவல் ஏற்பாடு. நிறுவியதுமே முழுக் கண்டிப்போடு ஓடும், உண்மைதான். ஆனால் அது இறுக்கிப் பிடிப்பது பெரும்பாலும் பின்னணி சர்வீஸ்களை. லாகின் செய்தவர் திறக்கும் புரோகிராம்களுக்கு அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. உபுண்டுவில் அதே வேலையைச் செய்யும் ஆப்ஆர்மரும் விதி எழுதிவைத்த புரோகிராம்களைத்தான் கட்டும். ஆனால் உபுண்டு 22.04 பதிப்பு முதல் ஃபயர்பாக்ஸ், தனி அடைப்புக்குள் ஓடும் ‘ஸ்நாப்’ பொதியாக வருவதால் பிரவுசராவது அடைப்புக்குள் இருக்கிறது. திறக்க நேரமாகிறது என்று ஸ்நாப்பைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்கலாம்.

வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் இரண்டுமே ஏமாற்றும். கெஸ்ட் வைஃபையும் ரிசப்ஷனும் ஒரே ரவுட்டரில் ஓடும் லாட்ஜில், மூன்றாம் மாடி லேப்டாப்புக்கு ரிசப்ஷன் கம்ப்யூட்டர் கைக்கெட்டும் தூரம். உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் இருக்கும், அணைந்தே இருக்கும். ஃபெடோராவில் ஃபயர்வால்டி என்பது ஓடும். ஆனால் ஒர்க்ஸ்டேஷன் பதிப்பில் 1025 முதல் 65535 வரை அத்தனை போர்ட்டும் (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்கள்) திறந்திருக்கும். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ம் அதற்குள்தான் வருகிறது. ஃபெடோராவில் ஃபயர்வாலின் விதித்தொகுப்பை (ஸோன்) ‘பப்ளிக்’ என்று மாற்ற வேண்டும்; உபுண்டுவில் ‘சுடோ யூஎஃப்டபிள்யூ எனேபிள்’ என்று ஒரு வரி போதும். ரவுட்டரிலேயே கெஸ்ட் நெட்வொர்க்கைப் பிரித்துவிட்டால் இன்னும் நல்லது.

என்னைக் கேட்டால், தீர்ப்பு அப்டேட்டில்தான். 2022 ஜனவரியில் வெளிவந்த ‘ப்வன்கிட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை, லினக்ஸில் உள்ள பிகேஎக்ஸெக் என்ற புரோகிராமில் 2009-லிருந்தே பதுங்கியிருந்தது. சாதாரண லாகின் வைத்திருப்பவரும் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ளவர், ஆகிவிடலாம். உபுண்டு, ஃபெடோரா இரண்டிலுமே இருந்தது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் போட்டவர்தான் தப்பினார். உபுண்டு 24.04-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, தானாகவே இறங்கிக்கொள்ளும். ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய 13 மாதம்தான் ஆயுள். ரிசப்ஷன் தம்பி வருஷா வருஷம் உட்கார்ந்து அடுத்த பதிப்புக்கு ஏற்றுவார் என்று நான் நம்பமாட்டேன். காட்பாடியில் இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளை தன் லேப்டாப்புக்கு ஃபெடோரா கேட்டால் தாராளமாகப் போடட்டும். லாட்ஜுக்கு உபுண்டுதான்.

எதைப் போட்டாலும், நிறுவும்போதே டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் பூட்டிவைக்கும் டிஸ்க் என்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது பெரும்பாடு. கம்ப்யூட்டரையே ஒருவன் தூக்கிக்கொண்டு போனாலும் பாஸ்போர்ட் நகல்கள் அவன் கைக்குப் போகாது. ஒரே தொல்லை, ராத்திரி கரண்ட் போய் வந்தால், பூட்டைத் திறக்கும் ரகசியச் சொற்றொடரான பாஸ்ஃப்ரேஸ் கேட்கும். நைட் டியூட்டிக்காரருக்கு அது மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும், கீபோர்டுக்கு அடியில் சீட்டு எழுதி ஒட்டக் கூடாது. ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கி வைத்துவிடுங்கள்.