இரு கரையும் மாறும் முக்குளிப்புக் கழகம்: ஒரு வருடக் கணக்கு

மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை, மட்டக்களப்பு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கொழும்புப் பக்கம். பருவக்காற்றைப் பார்த்துக் கரை மாற்றுகிறார்கள், சரிதான். புதியவர்களைத் திருகோணமலை அருகிலுள்ள புறாத்தீவின் ஆழம் குறைந்த பவளப்பாறையில் பழக்குகிறார்கள். 1942இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு ஆழ எல்லை 40 மீட்டர். கெஞ்சினாலும் சாதாரணச் சான்றிதழ் மட்டும் உள்ளவர்களை அங்கே இறக்குவதில்லை. நல்லது.

குறை, மிதக்காமல் இருக்க உடலில் கட்டும் ஈய எடையில்தான். காற்று நிறைந்த சிலிண்டரோடு மட்டுமே எடை பார்க்கிறார்கள். அலுமினியச் சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அலகு) 50க்கு இறங்கினால் ஏறக்குறைய 2 கிலோ இலேசாகி மிதக்கப் பார்க்கும். மேலேறும்போது பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டியவர் மேலே போய்விடுவார். முக்குளிப்பின் முடிவிலும், காற்று குறைந்த சிலிண்டரோடு, ஒருமுறை பார்த்து ஈயம் கூட்ட வேண்டும். வாடகை ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) பரவாயில்லை. அதைப் பொருத்தும் சிலிண்டர் வால்வு வாயில் காற்று சீறினால் பெரும்பாலும் தேய்ந்த ஓ-ரிங்தான் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). இரண்டு கொண்டுபோங்கள், படகில் இருக்காது.